ஓய்வு ஒருவருடையது, கலை பலருடையது: திருப்பதி – சித்தூர் ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருப்பதி, சித்தூர் வட்டாரத்துத் திரைப்பட, அனிமே ரசிகர் மன்றத்தாருக்கு,

ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் ஹயாவோ மியாசாகி முழுநீளப் படங்களிலிருந்து ஓய்வு பெறுகிறார் என்ற செய்தி 2013 செப்டம்பர் 1 அன்று இத்தாலியின் வெனிஸ் திரைப்பட விழாவில் வெளியானது. அறிவித்தவர் ஜிப்லி ஸ்டூடியோவின் அன்றைய தலைவர் கோஜி ஹோஷினோ. ஐந்து நாள் கழித்து, டோக்கியோவில் சுமார் 600 பத்திரிகையாளர்கள் கூடிய சந்திப்பில் மியாசாகியே அதை உறுதி செய்தார். அப்போது அவருக்கு வயது 72. உலகெங்கும் ரசிகர்கள் வருந்தினார்கள். 2023 ஜூலை 14 அன்று அவருடைய அடுத்த முழுநீளப் படம் ‘தி பாய் அண்ட் தி ஹெரன்’ ஜப்பானில் வெளிவந்தது. 2024 மார்ச்சில் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் விருதும் அதற்குக் கிடைத்தது.

கலைஞர் விடைபெறுவதும், ரசிகர் கலங்குவதும், சில ஆண்டுகளில் அவரே திரும்பி வருவதும் திருப்பதிக்குப் புதியவை அல்ல. தெலுங்குத் திரையின் இரு பெரும் நட்சத்திரங்கள் திரையை விட்டு அரசியலுக்குப் போனபோது அவர்கள் பாதை இந்த ஊர் வழியாகவே சென்றது. இருவரும் பிறகு திரைக்குத் திரும்பினார்கள். ஜப்பானில் நடந்ததையும் இங்கே நடந்ததையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஓய்வு அறிவிப்பு எதைக் குறிக்கிறது, எதைக் குறிப்பதில்லை, ரசிகரின் கவலை எதைப் பற்றி இருக்க வேண்டும் என்பவை தெளிவாகும்.

மியாசாகி 1941-இல் டோக்கியோவில் பிறந்தவர். 1963-இல் டோயே அனிமேஷன் நிறுவனத்தில் கடைநிலை ஓவியராகச் சேர்ந்தார். அங்கேதான் இயக்குநர் இசாவோ தகஹாதாவுடன் நட்பு ஏற்பட்டது. 1979-இல் ‘தி காசில் ஆஃப் காக்லியோஸ்ட்ரோ’, 1984-இல் ‘நௌசிகா’ ஆகிய படங்களை இயக்கினார். 1985-இல் தகஹாதாவும் தயாரிப்பாளர் தோஷியோ சுசுகியும் அவரும் சேர்ந்து ஜிப்லி ஸ்டூடியோவைத் தொடங்கினார்கள். ‘லபூட்டா’ (1986), ‘மை நெய்பர் டோட்டோரோ’ (1988), ‘கிகிஸ் டெலிவரி சர்வீஸ்’ (1989), ‘போர்கோ ரோஸோ’ (1992) என்று படங்கள் வரிசையாக வந்தன.

ஓய்வுப் பேச்சு பரவலாக எழுந்தது 1997-இல், ‘பிரின்சஸ் மோனோனோகே’ முடிந்த சமயத்தில். மறு ஆண்டு ஜனவரியில் மியாசாகி ஸ்டூடியோவிலிருந்து விலகினார். அவருடைய இடத்துக்கு வரக்கூடியவர் என்று எல்லோரும் எண்ணியிருந்த இயக்குநர் யோஷிஃபுமி கோண்டோ அதே மாதம் 47 வயதில் இறந்துபோனார். 1999-இல் மியாசாகி திரும்பி வந்தார். 2001-இல் வெளியான ‘ஸ்பிரிடட் அவே’ 2002-இல் பெர்லின் விழாவின் தங்கக் கரடி விருதையும் 2003-இல் ஆஸ்கர் விருதையும் பெற்றது. ஜப்பானிய வசூலில் அந்தப் படம் பிடித்த முதலிடத்தை 2020-இல் ‘டீமன் ஸ்லேயர்: முகன் டிரெயின்’ வரும்வரை வேறெந்தப் படமும் எட்டவில்லை. அடுத்து வந்த ‘ஹவுல்ஸ் மூவிங் காசில்’ படத்தை மமோரு ஹோசோதா இயக்குவதாக இருந்தது. அவர் விலகியதும் பொறுப்பு மியாசாகியிடமே வந்து சேர்ந்தது. விலக நினைத்த ஒவ்வொரு முறையும் காலி நாற்காலியில் உட்கார ஆள் அமையவில்லை என்பதை இந்த வரலாறு காட்டுகிறது.

அவர் ஏன் ஓய்வைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார் என்பதற்கு விடை அவருடைய வேலைமுறையில் இருக்கிறது. திரைக்கதையை முழுதாக எழுதிவைத்துவிட்டு அவர் படம் தொடங்குவதில்லை. காட்சிப் பலகையை, அதாவது ஒவ்வொரு ஷாட்டும் எப்படி வரும் என்ற சித்திரக் குறிப்பை, தானே வரைகிறார். ஒரு பாத்திரம் திரும்பிப் பார்க்க எத்தனை நொடி ஆகும் என்று ஸ்டாப்வாட்சை அழுத்திக் கணக்கிடுகிறார். படத்தின் முடிவு வரையப்படுவதற்கு முன்பே முதல் பகுதியின் அனிமேஷன் வேலை தொடங்கிவிடும். அனிமேட்டர்கள் வரையும் முக்கியச் சட்டகங்கள் அவர் மேசைக்கு வரும். பிடிக்காததை அழித்துத் தானே மீண்டும் வரைவார். ‘மோனோனோகே’ படத்துக்கு ஏறத்தாழ 1,44,000 செல் ஓவியங்கள் தேவைப்பட்டன. அந்தப் படத்தின் சட்டகங்களில் பெரும் எண்ணிக்கையை அவரே பார்த்துத் திருத்தினார். முடிந்ததும் ஓய்வைப் பற்றிப் பேசியதில் வியப்பில்லை.

2013-இல் வந்த ‘தி விண்ட் ரைசஸ்’ படத்தில் 1923-இன் காண்டோ நிலநடுக்கத்தைக் காட்டும் பகுதி இருக்கிறது. அதில் மக்கள் கூட்டம் கூட்டமாக நெருக்கியடித்து நகரும் ஒரு ஷாட் திரையில் 4 நொடிதான் ஓடுகிறது. எய்ஜி யமமோரி என்ற அனிமேட்டர் அதை வரைந்து முடிக்க 1 ஆண்டு 3 மாதம் ஆனது. கூட்டத்தில் இருக்கும் ஒவ்வொருவரும் தனி ஆள். மூட்டை தூக்கியவர் ஒரு விதமாக நடக்கிறார், குழந்தையை அணைத்தவர் வேறு விதமாக நடக்கிறார். ஒரே உருவத்தை நகலெடுத்துக் கூட்டம் காட்டும் சுருக்குவழி அங்கே இல்லை. இத்தகைய வேலையைக் கண்காணித்துத் திருத்த 70 வயதைக் கடந்த ஒருவரால் தினமும் எத்தனை மணி நேரம் உட்கார முடியும்? 2013 பத்திரிகையாளர் சந்திப்பில் மியாசாகி சொன்ன காரணமும் ஏறக்குறைய இதுதான். வயது ஏற ஏற மேசையில் அமரும் நேரம் குறைகிறது, ஒரு படம் முடிய ஐந்து ஆண்டு ஆகிறது, அடுத்தது இன்னும் கூடுதலாக இழுக்கும் என்றார். இன்னும் பத்து ஆண்டு வேலை செய்ய விரும்புவதாகவும் அதே சந்திப்பில் கூறினார்.

பெரும்பாலான தலைப்புச் செய்திகள் தவறவிட்டது இந்தக் கடைசிப் பகுதியைத்தான். அவர் விட்டது வேலையை அல்ல, முழுநீளப் படம் என்ற ஒரு வடிவத்தை மட்டுமே. அதன் பிறகும் மிதாகா நகரில் உள்ள ஜிப்லி அருங்காட்சியகத்துக்கான வேலைகளைச் செய்தார். கம்பளிப்புழுவைப் பற்றி ‘போரோ’ என்ற குறும்படம் எடுத்தார். அது 2018 முதல் அந்த அருங்காட்சியகத்தில் திரையிடப்பட்டது. அந்தக் குறும்பட வேலையின் போக்கிலேயே மீண்டும் ஒரு முழுநீளப் படம் எடுக்கும் எண்ணம் வந்தது. ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. 2016 நவம்பரில் ஒளிபரப்பிய ஆவணப்படம் அதை வெளியே கொண்டுவந்தது.

புதிய படம் மெல்லத்தான் வளர்ந்தது. சுமார் 60 அனிமேட்டர்கள் மூன்று ஆண்டு உழைத்து 36 நிமிடம் முடித்திருப்பதாக 2020-இல் சுசுகி தெரிவித்தார். மாதத்துக்கு ஒரு நிமிடம் என்பதே கணக்கு. டிரெய்லர் இல்லாமல், விளம்பரம் இல்லாமல், ஒரே ஒரு சுவரொட்டியோடு படம் ஜப்பானில் வெளியானது. ஓய்வு அறிவிப்புக்குப் பின் பத்து ஆண்டு காத்திருந்த ரசிகர்களுக்கு இயக்குநரின் பெயரே போதுமானதாக இருந்தது.

இனி உள்ளூர்க் கதை. என்.டி. ராமராவ் பெருமாளாக நடித்த ‘ஸ்ரீ வெங்கடேஸ்வர மஹாத்யம்’ 1960-இல் வந்தது. அதற்குப் பிறகு திருமலையில் பெருமாளைச் சேவித்த தெலுங்கு யாத்திரிகர்கள் பேருந்திலேயே சென்னைக்கு வந்து, தியாகராய நகர் பசுல்லா சாலையில் இருந்த அவருடைய வீட்டு வாசலில் அவரையும் பார்த்துவிட்டு ஊர் திரும்புவது வழக்கமாக இருந்தது. 1982 மார்ச் 29 அன்று அவர் தெலுங்கு தேசம் கட்சியை அறிவித்தார். 1983 சட்டமன்றத் தேர்தலில் அவர் நின்று வென்ற தொகுதிகளில் திருப்பதியும் ஒன்று. ஒன்பது மாதக் கட்சி ஆட்சியைப் பிடித்தது, அவர் முதல்வரானார். திரையில் இனி அவரைப் பார்க்க முடியாது என்ற நிலை ரசிகர்களுக்கு ஏற்பட்டது.

ஆனால் 1991-இல் அவரே இயக்கி நடித்த ‘பிரம்மரிஷி விஸ்வாமித்ரா’ வந்தது. 1993-இல் கே. ராகவேந்திர ராவ் இயக்கிய ‘மேஜர் சந்திரகாந்த்’ பெரும் வெற்றி பெற்றது. அந்தப் படத்தைத் தயாரித்தவர் ஏர்ப்பேடு அருகே பிறந்த மோகன் பாபு. அதே ஆண்டில் ஓவியரும் இயக்குநருமான பாபுவின் இயக்கத்தில் ‘ஸ்ரீநாத கவிசார்வபௌமுடு’ படத்திலும் ராமராவ் நடித்தார். அப்போது அவருக்கு வயது 70.

இரண்டாவது கதை பலருக்கு நேரடியாகவே நினைவிருக்கும். 2007 ஜூலையில் ‘சங்கர்தாதா ஜிந்தாபாத்’ வந்தபின் சிரஞ்சீவி கதாநாயக வேடங்களை நிறுத்தினார். 2008 ஆகஸ்ட் 26 அன்று திருப்பதியில் நடந்த மாபெரும் கூட்டத்தில் பிரஜா ராஜ்யம் கட்சியை அறிவித்தார். ஆந்திரம் முழுவதிலுமிருந்து ரசிகர்கள் வந்து குவிந்தார்கள். மன்றக் கிளைகள் ஒரே மூச்சில் கட்சிக் கிளைகளாயின. அதுவரை கட்-அவுட் கட்டியவர்கள் கொடி கட்டத் தொடங்கினார்கள். 2009 தேர்தலில் 294 இடங்களில் 18 இடங்களே அக்கட்சிக்குக் கிடைத்தன. மேற்குக் கோதாவரியின் பாலகொல்லுவில் தோற்ற சிரஞ்சீவி, திருப்பதியில் வென்றார். 2011-இல் கட்சி காங்கிரஸில் இணைந்தது. 2012-இல் அவர் மாநிலங்களவைக்குச் சென்றதும் திருப்பதிக்கு இடைத்தேர்தல் வந்தது.

இடையில் ‘மகதீரா’ (2009), ‘புரூஸ் லீ’ (2015) படங்களில் அவர் சிறிது நேரம் தோன்றினார். முழு வேடத்தில் திரும்பியது 2017 ஜனவரி 11 அன்று, ‘கைதி நம்பர் 150’ மூலம். தமிழில் ஏ.ஆர். முருகதாஸ் இயக்கிய ‘கத்தி’ (2014) படத்தின் தெலுங்கு வடிவம் அது. பத்து ஆண்டு இடைவெளிக்குப் பின்னும் ரசிகர் கூட்டம் குறையவில்லை. மியாசாகியின் இடைவெளியும் பத்து ஆண்டு என்பது தற்செயல். ஆனால் இரண்டிலும் ரசிகர் காத்திருந்தது தற்செயல் அல்ல.

தெலுங்கு நட்சத்திரங்களின் விலகலுக்கும் மியாசாகியின் விலகலுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ராமராவும் சிரஞ்சீவியும் ஒரு துறையை விட்டு வேறொரு துறைக்குப் போனார்கள், அந்தப் பயணத்தில் ரசிகரும் உடன் போக முடிந்தது. மியாசாகி உடல் வலிமை கருதி விலகினார். அங்கே ரசிகர் செய்யக்கூடியது எதுவும் இல்லை, காத்திருப்பதைத் தவிர.

மூன்றாவது வகைக் கலைஞரும் உண்டு. ஓய்வு என்ற வசதியே அமையாதவர். சித்தூர் வி. நாகையா பிறந்தது குண்டூர் பக்கம் என்றாலும், சித்தூரின் ராம விலாச சபை நாடகங்களில் நடித்துப் பெயர் பெற்றதால் ஊர்ப் பெயர் அவருடன் ஒட்டிக்கொண்டது. ‘பக்த போதனா’, ‘யோகி வேமனா’ (1947) ஆகிய தெலுங்குப் படங்களில் தலைமை வேடம் ஏற்றார். ‘தியாகய்யா’ (1946) படத்தை இயக்கி நடித்தார். எம்.எஸ். சுப்புலட்சுமியின் ‘மீரா’வில் ராணாவாக வந்ததால் தமிழ் ரசிகருக்கும் அவர் வேண்டியவர். உச்சத்தில் இருந்தபோது கை நிறையச் சம்பாதித்தார், அதைவிடத் தாராளமாகக் கொடுத்தார். பிற்காலத்தில் சிறு சிறு வேடங்களை ஏற்று நடித்தபடியே காலம் தள்ளி, 1973 டிசம்பர் 30 அன்று வறுமையில் இறந்தார். சென்னை பனகல் பூங்காவில் அவருக்குச் சிலை இருக்கிறது. கலைஞர் ஓய்வு பெறுகிறார் என்ற செய்தி வருந்தத்தக்கது என்று நினைக்கும் ரசிகர், ஓய்வு பெறவே முடியாத கலைஞரின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சுயவிருப்பத்தோடு விடைபெறுவது பெரும்பாலான திரைக் கலைஞர்களுக்குக் கிடைக்காத நல்வாய்ப்பு.

ரசிகர்களின் எதிர்வினைகள் எல்லா ஊரிலும் சில வகைகளுக்குள் அடங்கிவிடுகின்றன. முதல் வகை துக்கம். இரண்டாவது நம்ப மறுப்பது. மியாசாகி விஷயத்தில் இது மிகுதி, ஏனென்றால் முன்பும் அவர் சொல்லித் திரும்பியவர். மூன்றாவது கேலி. அவர் எந்தெந்த ஆண்டில் எப்படியெல்லாம் ஓய்வை அறிவித்தார் என்று ஒரு பட்டியல் இணையத்தில் சுற்றியது. அது யாரோ வேடிக்கைக்காகப் புனைந்தது. 2017-இல் ஜப்பானியத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று அதை உண்மை என்று எடுத்துக் காட்டிவிட்டு, பிறகு மன்னிப்புக் கேட்டது. நான்காவது வகை வற்புறுத்தல். ரஜினிகாந்த் உடல்நிலையைக் காட்டி அரசியலுக்கு வரவில்லை என்று 2020 டிசம்பர் 29 அன்று அறிவித்தார். முடிவை மாற்றக் கோரி ரசிகர்கள் 2021 ஜனவரி 10 அன்று சென்னை வள்ளுவர் கோட்டத்தில் கூடினார்கள். இப்படிக் கூடித் தன்னை வேதனைப்படுத்த வேண்டாம் என்று அவர் மறுநாளே அறிக்கை விட நேர்ந்தது. அன்பின் பெயரால் நடந்தாலும், வற்புறுத்தல் கலைஞருக்குப் பாரமாகவே போய்ச் சேருகிறது.

இந்த நான்கு வகைகளிலும் ஒரு பொதுக் குறை இருக்கிறது. நான்கும் ஒரே ஒரு மனிதரை மட்டும் பார்க்கின்றன. அவர் இருப்பாரா, போவாரா, வருவாரா என்பதே கேள்வி. அவரைச் சுற்றி இருந்த கலைக்கூடம் என்ன ஆனது என்பதை யாரும் கேட்பதில்லை. ஜிப்லியின் உண்மையான இழப்பு அங்கேதான் நிகழ்ந்தது.

ஜப்பானிய அனிமேஷன் தொழிலில் ஓவியர்கள் பெரும்பாலும் படத்துக்குப் படம் கூலி பெறுபவர்கள். ஜிப்லி 1989 முதல் அதை மாற்றி, மாதச் சம்பளத்தில் நிரந்தர ஊழியர்களை அமர்த்தியது, புதியவர்களுக்குப் பயிற்சியும் தந்தது. மியாசாகி விலகிய மறு ஆண்டு, அதாவது 2014 ஆகஸ்டில், தயாரிப்புப் பிரிவை நிறுத்திவைத்துச் சீரமைக்கப்போவதாக சுசுகி அறிவித்தார். பழகிய கைகள் கலைந்தன. இயக்குநர் ஹிரோமாசா யோனெபயாஷியும் வேறு சிலரும் வெளியேறி 2015-இல் உருவான ஸ்டூடியோ போனோக்கில் சேர்ந்தார்கள். மியாசாகி மீண்டும் படம் தொடங்கியபோது, அனிமேஷன் இயக்குநராக தகேஷி ஹோண்டா வெளியிலிருந்து வந்தார். போனோக் உள்ளிட்ட வெளி ஸ்டூடியோக்களும் கைகொடுத்தன. 2023 செப்டம்பரில் நிப்பான் டி.வி. ஜிப்லியைத் தன் துணை நிறுவனமாக எடுத்துக்கொள்வதாக அறிவிப்பு வந்தது. அடுத்த தலைமுறைத் தலைமை அமையவில்லை என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். மியாசாகியின் மகன் கோரோவும் இயக்குநர்தான். ஆனாலும் தனியாக ஸ்டூடியோவைச் சுமக்க முடியாது என்று அவர் மறுத்துவிட்டார்.

ஒருவர் திரும்பி வந்தார், ஆனால் அவர் விட்டுச்சென்ற கூடம் அப்படியே திரும்பவில்லை. ஓய்வு பற்றிய விவாதத்தில் ரசிகர் கவனிக்க வேண்டிய பாடம் இதுவே.

இதற்கு மாறான எடுத்துக்காட்டு திருப்பதியிலிருந்து 40 கிலோமீட்டருக்குள்ளேயே இருக்கிறது. ஸ்ரீகாளஹஸ்தியில் கலம்காரி ஓவியர்கள் துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த கரைசலில் தோய்த்து உலர்த்தி, மூங்கில் குச்சியின் முனையில் துணி அல்லது நூல் சுற்றிய ‘கலம்’ என்ற எழுதுகோலால் ராமாயணக் காட்சிகளைக் கட்டம் கட்டமாக வரைகிறார்கள். இரும்பும் வெல்லமும் ஊறவைத்து எடுத்த கருப்பு மையால் கோடு இழுக்கப்படுகிறது. கோட்டை அழித்துத் திருத்த வழியில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அந்தக் கலை அருகிவந்தது, வரையத் தெரிந்த குடும்பங்கள் குறைந்தன. கமலாதேவி சட்டோபாத்யாயாவின் முயற்சியால் 1957-இல் அங்கே ஒரு பயிற்சி மையம் தொடங்கப்பட்டது. குடும்பத்துக்குள் மட்டும் இருந்த கைவேலை, பயில வந்த புதியவர்களுக்கும் சென்றது. இன்று ஸ்ரீகாளஹஸ்தி கலம்காரிக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, வரைபவர்களும் இருக்கிறார்கள். எந்த ஓவியர் எந்த ஆண்டு ஓய்வு பெற்றார் என்று யாருக்கும் தெரியாது. பயிற்சி தொடர்ந்ததால் கலை நின்றது.

பாத்திரம் நிலைப்பதும் கை நிலைப்பதும் வேறு வேறு என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். ‘டோரேமான்’ தொடரைத் தமிழிலும் தெலுங்கிலும் பார்த்து வளர்ந்த சித்தூர்க் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு, அதை உருவாக்கிய ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ 1996-இலேயே இறந்துவிட்டார் என்பது தெரியாது. ‘ஷின்சான்’ படைத்த யோஷிதோ உசுய் 2009-இல் இறந்தார். இரண்டு தொடர்களும் ஓடிக்கொண்டே இருக்கின்றன. வரையறுத்த உருவமும் பழகிய குழுவும் இருந்தால் தொடரை நடத்திவிடலாம். ஒவ்வொரு படத்தையும் புதிதாகத் தொடங்கி ஒவ்வொரு சட்டகத்தையும் ஒருவரே திருத்தும் முறைக்கு அந்த வசதி இல்லை.

இந்திய ரசிகர்களால் என்ன செய்ய முடியும் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. மகோதோ ஷின்காயின் ‘வெதரிங் வித் யூ’ படத்தை இந்தியத் திரையரங்குகளுக்குக் கொண்டுவர வேண்டும் என்று 2019-இல் இந்திய ரசிகர்கள் ஒரு மனு எழுதி 50,000-க்கும் மேற்பட்ட கையொப்பம் திரட்டினார்கள். அது இயக்குநரின் காதுவரை எட்டியது, 2019 அக்டோபர் 11 அன்று படம் இங்கே வெளியானது. 2023 ஏப்ரலில் ‘சுசுமே’ வந்தபோது ஷின்காயே இந்தியாவுக்கு வந்தார். 2020 முதல் ஜிப்லி படங்கள் நெட்ஃபிளிக்ஸ் வழியாக இந்தியாவில் கிடைக்கின்றன. 2025 செப்டம்பர் 12 அன்று ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்’ தமிழ், தெலுங்கு டப்பிங்குடன் திரைக்கு வந்தது. 2019-இல் மனுப் போட வேண்டியிருந்தது, இப்போது இரு மொழியிலும் ஜப்பானியப் படம் ஊர்த் திரைக்கு வருகிறது.

இன்னும் வலுவான சான்று யூகோ சாகோவின் ராமாயணம். 1983-இல் அகழ்வாராய்ச்சி பற்றிய ஆவணப்படம் எடுக்க இந்தியா வந்த இந்த ஜப்பானியர், ராமாயணத்தை அனிமேஷனில் சொல்ல முடிவு செய்தார். இங்கே எதிர்ப்பு கிளம்பியது, அரசின் ஒத்துழைப்பும் கிடைக்கவில்லை. இந்திய அனிமேஷனின் முன்னோடி ராம் மோகன், கோயிச்சி சசாகி ஆகியோருடன் சேர்ந்து ஜப்பானிலேயே அவர் இயக்கிய ‘ராமாயணா: தி லெஜெண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா’ 1992-இல் முடிந்தது. அப்போது இந்தியத் திரையரங்குகளில் அதற்கு உரிய இடம் கிடைக்கவில்லை. தொலைக்காட்சியில் பார்த்த குழந்தைகளே அதைக் காப்பாற்றினார்கள். அவர்கள் வளர்ந்து பேசிக்கொண்டே இருந்ததால், 2025 ஜனவரி 24 அன்று தமிழ், தெலுங்கு உட்பட நான்கு மொழிகளில் அது நாடெங்கும் திரையிடப்பட்டது. சாகோ 2012-இலும் ராம் மோகன் 2019-இலும் காலமாகிவிட்டதால் இருவரும் அதைப் பார்க்கவில்லை. படைத்தவர் போன பிறகும் படத்தைத் திரைக்குக் கொண்டுவர ரசிகரால் முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆந்திர ரசிகருக்கு இந்தப் பழக்கம் ஏற்கெனவே கைவந்தது. 2022-இல் ‘போக்கிரி’, ‘ஜல்சா’ படங்களின் மறுவெளியீட்டில் தொடங்கிய அலை இன்னும் ஓயவில்லை. 1990-இல் இளையராஜா இசையில் வந்த ‘ஜகதேக வீருடு அதிலோக சுந்தரி’ 2025 மே 9 அன்று மீண்டும் திரைக்கு வந்தது. பழைய படத்துக்கும் முதல் நாள் முதல் காட்சிக்குரிய ஆரவாரம் தரத் தெரிந்தவர்கள் இவர்கள். அந்த ஆற்றல் நட்சத்திரத்தின் பெயரைத் தாண்டிப் படத்தை உருவாக்கிய மற்றவர்கள் பக்கமும் திரும்பினால் போதும்.

ஆகவே, மியாசாகி ஆனாலும் வேறு எந்தக் கலைஞர் ஆனாலும், அடுத்த ஓய்வு அறிவிப்பு வரும்போது ரசிகர் மன்றங்கள் கைக்கொள்ளத்தக்கவை சில. முதலாவது, அறிவிப்பை முழுதாகப் படித்தல். எதை விடுகிறார், எதைத் தொடர்கிறார் என்பதைத் தலைப்புச் செய்தி சொல்லாது. இரண்டாவது, கலைஞர் சொன்னதாக வரும் வாசகங்களை மூலம் தெரியாமல் பகிராதிருத்தல். மூன்றாவது, முடிவை மாற்றச் சொல்லிக் கெஞ்சுவதும் கூட்டம் போடுவதும் வேண்டாம். திரும்புவதும் திரும்பாததும் அவருடைய உடலும் மனமும் அறிந்த காரியம். நான்காவது, திருட்டுப் பிரதியைத் தவிர்த்து, முறையாக வரும் படத்தைத் திரையரங்கில் பார்த்தல். நல்ல தமிழ், தெலுங்கு டப்பிங் வேண்டும் என்று விநியோகஸ்தர்களிடம் கேட்டல்.

ஐந்தாவதுதான் முதன்மையானது. படம் முடிந்து பெயர்ப் பட்டியல் ஓடும்போது எழுந்து போகாமல் அதைப் படித்தல். 4 நொடிக்காக 15 மாதம் உழைத்த யமமோரி, ‘டோட்டோரோ’வின் மரங்களையும் வயல்களையும் தீட்டிய பின்னணி ஓவியர் கசுவோ ஓகா, பல ஆண்டுகள் ஜிப்லி படங்களின் வண்ணங்களை அமைத்த மிச்சியோ யசுதா, இசையமைப்பாளர் ஜோ ஹிசாய்ஷி ஆகியோரும் சேர்ந்ததே மியாசாகி படம். 2025 ஜூலையில் வந்து நாடெங்கும் ஓடிய ‘மகாவதார் நரசிம்மா’ இந்தியாவிலும் அனிமேஷனுக்குக் கூட்டம் வரும் என்று நிரூபித்தது. அதன் இயக்குநர் அஸ்வின் குமாரின் பெயர் ஓரளவு தெரியும். வரைந்தவர்களின் பெயர்கள் யாருக்கும் தெரியாது.

கட்-அவுட்டுக்கும் ஃபிளெக்ஸுக்கும் மன்றங்கள் திரட்டும் நிதியில் ஒரு பங்கு, திருப்பதியிலும் சித்தூரிலும் வரையக் கற்கும் ஒரு மாணவரின் கட்டணத்துக்குப் போகட்டும். காகிதம், பென்சில், ஒளிப்பலகை, கணினி என்று எது தேவையோ அதை வாங்கிக் கொடுக்கலாம். ஸ்ரீகாளஹஸ்தியில் 1957-இல் ஒரு மையம் செய்ததை மன்றங்கள் சிறிய அளவில் செய்ய முடியும். ரத்ததான முகாம்களைப் பல ஆண்டுகளாக ஒழுங்காக நடத்திக் காட்டிய மன்றங்களுக்கு இது பெரிய வேலை அல்ல. அடுத்த பிறந்தநாள் விழாவிலேயே தொடங்கலாம்.

இப்படிக்கு,
திரை ஆர்வலர் ஒருவர்